டார்கெட் என்ற ஒரு சொல்லுக்காக

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி போன வாரம் ஒரு பேட்ச் (கோடில் செய்த மாற்றங்களின் தொகுப்பு) அனுப்பியிருந்தான். ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய எங்கள் வெப்பப் பரவல் புரோகிராமில் பயன்படாத மாறிகள், யாரும் கூப்பிடாத சப்ரூட்டின்கள் (பெயர் சொல்லிக் கூப்பிடும் கோடுத் துண்டுகள்) என்று நிறையக் குப்பையை எடுத்திருந்தான். நல்ல வேலை. நடுவே மூன்று இடங்களில், மாறியின் அறிவிப்பில் இருந்த டார்கெட் என்ற சொல்லையும் எடுத்திருந்தான். ஏன் என்று கேட்டேன்.

"அக்கா, எடுத்தாலும் கம்பைல் ஆகுது. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது. அப்புறம் எதுக்கு அது?"

நியாயமான கேள்வி. அவன் சி++ எழுதிப் பழகியவன். அங்கே ஒரு மாறியின் அட்ரஸை (மெமரியில் அது இருக்கும் இடத்தை) எடுக்க யாரிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். ரிவ்யூவில் இரண்டு வரியில் பதில் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. நான்கு வருடம் முன்பு இதே சொல்லை, இதே காரணத்துக்காக, நானும் எடுத்திருக்கிறேன். அதைத் திரும்பப் போட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாள் ஆனது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பாயின்டர், அதாவது இன்னொரு மாறியைக் காட்டும் மாறி; டார்கெட் என்பது அப்படிக் காட்டப்படும் மாறிக்கு எழுதும் சொல். ஃபோர்ட்ரானில் அது ஒரு டைப் அல்ல, மாறிக்குச் சேர்க்கும் ஒரு பண்பு. ஃபோர்ட்ரான் 90-ல்தான் மொழிக்குள் வந்தது. அதற்கு முன் சில கம்பைலர்களில் (கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்களில்) கிரே பாயின்டர் என்ற நீட்சி இருந்தது. அது ஒரு முழு எண்ணில் அட்ரஸை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. எதை வேண்டுமானாலும் காட்டலாம். 90-ன் பாயின்டர் அப்படி இல்லை. ரியல் (தசம எண்) பாயின்டர் ரியலைத்தான் காட்டும். இரு பரிமாண அரேயின் (ஒரே பெயரில் அடுக்கிய மதிப்புகளின்) பாயின்டர் இரு பரிமாண அரேயைத்தான் காட்டும். அட்ரஸோடு ஒன்றைக் கூட்டி அடுத்த இடத்துக்குப் போகிற வேலை கிடையாது. அரே பாயின்டராக இருந்தால் அது வெறும் அட்ரஸும் அல்ல: எல்லைகள் என்ன, அடுத்த உறுப்புக்கு எவ்வளவு தாண்ட வேண்டும் என்பதையும் கூடவே சுமக்கும். அதனால்தான் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்த அரேத் துண்டைக்கூட ஒரு பாயின்டரால் அப்படியே காட்ட முடிகிறது.

எழுதும்போது இரண்டு குறிகளைக் கவனிக்க வேண்டும். கோடை இங்கே தமிழ் எழுத்தில், படிக்க வசதியான பெயர்களோடு தருகிறேன்:

ரியல், டார்கெட் :: படி
ரியல், பாயின்டர் :: சுட்டி
சுட்டி => படி
சுட்டி = 0.5

மூன்றாவது வரி, சுட்டியைப் படியின் பக்கம் திருப்புகிறது. நான்காவது வரி சுட்டியைத் தொடுவதே இல்லை. அது காட்டும் இடத்தில், அதாவது படியில், 0.5-ஐ எழுதுகிறது. சி-யில் நட்சத்திரக் குறி போட்டுச் செய்வது இங்கே தானாக நடக்கும். ஒரு > குறி விட்டுப்போனால் கம்பைலர் வாயே திறக்காது. திருப்ப நினைத்த இடத்தில் எழுதிவிட்டு வந்திருப்போம்.

இன்னொரு பாயின்டரை வலப்பக்கம் வைத்தால், அதாவது 'அ => ஆ' என்று எழுதி ஆ-வும் பாயின்டர் என்றால், அ என்பது ஆ-வைக் காட்டாது. ஆ அந்த நேரத்தில் எதைக் காட்டுகிறதோ அதைக் காட்டும். பிறகு ஆ வேறு பக்கம் திரும்பினாலும் அ பழைய இடத்திலேயே நிற்கும். பாயின்டருக்குப் பாயின்டர் என்பது இந்த மொழியில் நேரடியாக இல்லை. பாயின்டர்களின் அரேயும் இல்லை. 'ரியல், பாயின்டர் :: சுட்டி(:)' என்பது ஒரு அரேயைக் காட்டும் ஒரே பாயின்டர். பல பாயின்டர்கள் வரிசையாக வேண்டுமென்றால் ஒரு டிரைவ்டு டைப்புக்குள் (பல உறுப்புகளைச் சேர்த்து நாமே உருவாக்கும் டைப்) பாயின்டரை வைத்து, அந்த டைப்பில் அரே எடுக்க வேண்டும்.

சரி, இப்போது டார்கெட். வலப்பக்கம் நிற்கும் மாறிக்கு ஏன் அந்தச் சொல் தேவை?

ஃபோர்ட்ரான் கம்பைலரின் வேகத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஒப்பந்தம் இருக்கிறது. 'படி' என்ற மாறியை அந்தப் பெயரால்தான் தொடுவேன், வேறு மறைவழியில் தொடமாட்டேன் என்று எழுதுகிறவர் வாக்குக் கொடுக்கிறார். அதை நம்பி, மாறியின் மதிப்பை ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி மெமரிக்குப் போகாமல் கணக்கைக் கம்பைலர் ஓட்டுகிறது. ஒரு சப்ரூட்டினுக்கு அனுப்பிய இரண்டு அரேக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், அவற்றில் எழுதக் கூடாது என்பதும் அதே ஒப்பந்தம்தான். சி-யில் இந்த வாக்கு இயல்பாகக் கிடையாது. எந்தப் பாயின்டரும் எதையும் தொடலாம் என்ற பயத்தோடுதான் அந்தக் கம்பைலர் வேலை செய்ய வேண்டியிருந்தது. வாக்குக் கொடுப்பதற்கென்றே ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல்லை 1999-ல் சி மொழியில் சேர்த்தார்கள். ஃபோர்ட்ரான் தலைகீழ்: வாக்கு முதலிலிருந்தே இருக்கிறது, அதிலிருந்து ஒரு மாறிக்கு விலக்கு வேண்டுமானால் டார்கெட் என்று எழுத வேண்டும். 'இந்த மாறியை இன்னொரு வழியாகவும் யாராவது தொடக்கூடும், எச்சரிக்கையாக இரு' என்பதுதான் அதன் பொருள்.

ஒரு சப்ரூட்டினுக்குள்ளேயே 'சுட்டி => படி' என்று எழுதி, படிக்கு டார்கெட் இல்லையென்றால் கம்பைலர் உடனே பிழை சொல்லும். எல்லோருக்கும் தெரிந்த விதி இது. இதை மட்டும் தெரிந்துவைத்திருந்தால் டார்கெட் ஒரு அனுமதிச் சீட்டு என்று தோன்றும்: பிழை வந்தால் போடு, வராவிட்டால் எடு. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் புரோகிராமில் ஒரு முக்கியமான சப்ரூட்டின், அதை டிரைவர் என்போம், காலத்தைப் படிப்படியாக நகர்த்தும். 'படி' என்ற ரியல் மாறியில் ஒவ்வொரு படியின் நீளம், 'நேரம்' என்பதில் இதுவரை கடந்த நேரம். விடையில் பிழை குறைவாக இருந்தால் படியை இரட்டிப்பாக்கவும், அதிகமானால் பாதியாக்கவும் ஒரு தனி மாட்யூல் (சப்ரூட்டின்களும் மாறிகளும் சேர்ந்த தொகுதி) உண்டு. அந்த மாட்யூலை எழுதியவர் எனக்கு முன்பு இந்தக் கோடைப் பார்த்துக்கொண்டவர். அதில் 'பிணை' என்று ஒரு சப்ரூட்டின்: டிரைவர் ஒரே ஒரு முறை அதைக் கூப்பிட்டுப் 'படி'யைக் கொடுக்கும். அது உள்ளே ஒரு பாயின்டரைப் படியின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். அப்புறம் லூப்பில் 'திருத்து' என்ற சப்ரூட்டினைப் பிழையின் அளவோடு மட்டும் கூப்பிட்டால் போதும். அது பாயின்டர் வழியாகப் படியை மாற்றிவிடும்.

டிரைவர் அப்போது 900 வரிக்கு மேல் நீண்டிருந்தது. அதன் ஆரம்ப வேலைகளை எல்லாம் 'தொடக்கம்' என்ற புதிய சப்ரூட்டினுக்கு மாற்றினேன். பிணையைக் கூப்பிடும் வரியும் அதற்குள் போனது. தொடக்கத்தில் படியை இப்படி அறிவித்தேன்:

ரியல், இன்டென்ட்(இன்அவுட்) :: படி

இன்டென்ட்(இன்அவுட்) என்றால் வரும் மதிப்பை எடுக்கவும் மாற்றவும் செய்யலாம் என்று பொருள். டிரைவரில் அதுவரை படிக்கு டார்கெட் இருந்தது. இனி டிரைவர் பிணையை நேராகக் கூப்பிடவில்லையே, எதற்கு என்று அதையும் எடுத்தேன். கம்பைல் ஆனது. டெஸ்ட்கள் பாஸ் ஆயின. எங்கள் டெஸ்ட்கள் அன்று டீபக் பில்டில் (பிழை தேட வசதியாக, வேகப்படுத்தாமல் கம்பைல் செய்ததில்) மட்டும் ஓடின என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து, ஆப்டிமைசேஷனோடு (கம்பைலரின் வேகப்படுத்தலோடு) கம்பைல் செய்து பெரிய கணக்கு ஒன்றை ஓட்டினோம். விடை பார்க்க அழகாக இருந்தது, ஆனால் வெப்பம் எதிர்பார்த்ததைவிட அதிக தூரம் பரவியிருந்தது. மெதுவாக, மிக இயல்பாகத் தெரியும் தவறு. இயற்பியலில்தான் ஏதோ விட்டுவிட்டோம் என்று முதல் இரண்டு நாள் எல்லைச் சமன்பாடுகளைத் தேடினேன். மூன்றாம் நாள் சின்னக் கணக்கு ஒன்றை இரண்டு பில்டிலும் ஓட்டிப் பார்த்தேன். 10 வினாடிக் கணக்கு. டீபக் பில்டில் 287 படிகளில் முடிந்தது. ஆப்டிமைஸ் செய்த பில்டில் 640.

அந்த 640-ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொடக்கப் படியை நான் எப்போதும் 2-ன் அடுக்காக வைப்பேன். எத்தனை முறை கூட்டினாலும் ரவுண்டிங் பிழை சேராது. அன்று வைத்திருந்தது 1/64 வினாடி. 10-ஐ 1/64-ஆல் வகுத்தால் சரியாக 640. அதாவது நேரத்தைக் கூட்டும் வரி, படி ஒருபோதும் மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டு கூட்டியிருக்கிறது.

லூப்புக்குள் படியை அச்சிடச் சொன்னேன். 1/64, 1/64, 1/32, 1/32, 1/16... ஒழுங்காக மாறிக்கொண்டே வந்தது. அடுத்த வரியில் நேரம் மட்டும் 1/64-ஆகவே கூடியது. ஒரே பெயர், ஒரே சப்ரூட்டின், அடுத்தடுத்த இரண்டு வரிகள், இரண்டு மதிப்புகள். இத்தனை வருடம் எழுதியதில் இந்தத் திரையைப் போல என்னைக் கலங்கடித்த வேறொன்று இல்லை. கம்பைலர் தந்த அசெம்பிளி வெளியீட்டை (இயந்திரக் கட்டளைகளின் பட்டியலை) எடுத்துப் படித்தபோதுதான் புரிந்தது. லூப்புக்கு முன் படியின் மதிப்பை ஒரு முறை எடுத்து, கம்பைலர் தனி நகலாக வைத்திருந்தது. நேரத்தோடு அந்த நகலைத்தான் கூட்டியது. வெப்பத்தைக் கணக்கிடும் சப்ரூட்டினுக்கும் அச்சிடும் வரிக்கும் அட்ரஸ் போவதால், அவை மெமரியில் இருந்த புதிய மதிப்பைப் பார்த்தன. வெப்பம் நீளமான படிகளில் முன்னேறியது, கடிகாரம் மட்டும் குட்டிப் படிகளில் நகர்ந்தது. பரவல் அதிகமானதன் காரணம் அதுதான்.

கம்பைலரில் பக் இல்லை. என் கோடைப் படித்தால் அதற்கு அந்த உரிமை இருந்தது. படி டிரைவரின் சொந்த மாறி. டார்கெட் இல்லை. தொடக்கத்துக்குப் போனது, அங்கே அதைப் பெற்ற டம்மி ஆர்க்யுமென்டிலும் (தனக்கு வரும் மாறிக்கு சப்ரூட்டின் உள்ளே வைத்துக்கொள்ளும் பெயர்) டார்கெட் இல்லை. ஆகவே தொடக்கம் முடிந்து திரும்பிய பிறகு, உலகில் எந்தப் பாயின்டரும் படியைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. திருத்து என்ற சப்ரூட்டினுக்குப் படி அனுப்பப்படவே இல்லை, எனவே அது படியை மாற்றியிருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு கண்ணியும் சரியான தர்க்கம்.

டிரைவரில் டார்கெட்டைத் திரும்பப் போட்டேன். மறுபடியும் 640. தொடக்கத்தின் டம்மியிலும் போட்டேன். 287.

இந்த இரண்டாவது திருத்தத்தைத்தான் தம்பிக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஸ்டாண்டர்டு, அதாவது மொழியின் அதிகாரப்பூர்வ விதித்தொகுப்பு, சொல்வதன் சாரம் இது. டார்கெட் உள்ள டம்மியின் பக்கம் ஒரு பாயின்டரைத் திருப்பிவைத்தால், அழைப்பு முடிந்த பிறகும் அது உயிரோடு இருக்க, அனுப்பிய மாறிக்கும் டார்கெட் இருக்க வேண்டும். இல்லையென்றால் சப்ரூட்டின் முடிந்த கணத்தில் அந்தப் பாயின்டரின் நிலை வரையறையற்றது. டார்கெட் இல்லாத மாறியை டார்கெட் உள்ள டம்மிக்கு அனுப்புவது குற்றமே அல்ல, அதனால் கம்பைலர் எதுவும் சொல்லாது. உள்ளே இருக்கும்வரை பாயின்டர் செல்லும், வெளியே வந்தால் செல்லாது. அழைப்புகள் சங்கிலியாக நீளும்போது ஒவ்வொரு கண்ணியிலும் இதே கேள்வி. என் கோடில் பிணையின் டம்மியில் டார்கெட் இருந்தது. அதற்கு அனுப்பப்பட்டது தொடக்கத்தின் டம்மி, அதில் இல்லை. மேலே டிரைவரில் இருந்து பயனில்லை, கண்ணி நடுவிலேயே அறுந்துவிட்டது.

ஜிஃபோர்ட்ரான் என்ற கம்பைலரில் டார்கெட்-லைஃப்டைம் என்றொரு எச்சரிக்கை உண்டு; வழக்கமாக எல்லா எச்சரிக்கைகளையும் கேட்கும்போது அதுவும் சேர்ந்து வரும். ஒரு சப்ரூட்டினின் உள்ளூர் மாறியை, அதைவிட நீண்ட ஆயுள் உள்ள பாயின்டர் காட்டினால் அது சொல்லும். டம்மி வழியாக வரும் இந்தச் சங்கிலியை அது பார்ப்பதில்லை. இதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். சப்ரூட்டினுக்குள் வந்த டம்மியை எங்கேயாவது சேமித்துவைக்கிறோமா என்று பார், சேமித்தால் கூப்பிடுகிற எல்லோரையும் மேலே வரை தேடிப் போ. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அரேக்களில் இன்னும் ஒரு அடுக்கு உண்டு. எல்லை குறிப்பிடாமல் (:) என்று வடிவத்தை அப்படியே ஏற்கும் டம்மியாக இருந்தால், டார்கெட் உள்ள அரேயின் ஒன்றுவிட்டு ஒன்றான துண்டை அனுப்பினாலும் பாயின்டர் பிழைக்கும். பழைய பாணியில் (என்) என்று அளவு குறிப்பிட்ட டம்மியாக இருந்தால், அப்படி இடைவெளியுள்ள துண்டைக் கம்பைலர் தற்காலிகமாக வேறிடத்தில் நகலெடுத்து அனுப்பி, முடிந்ததும் திரும்ப நகலெடுக்கும். அங்கே பாயின்டரைத் திருப்பிவைத்தால் அது காட்டுவது நகலை. திரும்பி வந்ததும் நகல் போய்விடும். ஸ்டாண்டர்டு இந்த இடத்தைக் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. கன்டிகுவஸ் (இடைவெளியில்லாதது) என்று அறிவித்த டம்மியிலும் இதே நிலைதான். இன்டெக்ஸ் அரேயால் பொறுக்கி எடுத்த துண்டு, அதாவது அ([3, 7, 1]) போன்றது, எந்த டம்மிக்குப் போனாலும் பிழைக்காது. அதை வலப்பக்கம் வைத்துப் பாயின்டரைத் திருப்பவே மொழி விடாது.

டார்கெட் உள்ள டம்மி இருக்கும் சப்ரூட்டினைக் கூப்பிடுகிற இடத்தில் அதன் முழு இன்டர்ஃபேஸ் (என்னென்ன டம்மிகள், எந்தப் பண்புகளோடு என்ற விவரம்) தெரிந்திருக்க வேண்டும் என்பதும் விதி. மாட்யூலுக்குள் வைத்தால் அது தானாகக் கிடைக்கும். தனி ஃபைலில் அநாதையாகக் கிடக்கும் பழைய சப்ரூட்டின்களுக்குக் கிடைக்காது.

இன்டென்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தம்பியின் பேட்சிலேயே அது இருக்கிறது. பாயின்டர் டம்மிக்கு இன்டென்ட் எழுத ஃபோர்ட்ரான் 2003 அனுமதித்தது. ஆனால் இன்டென்ட்(இன்) அங்கே கட்டுப்படுத்துவது பாயின்டர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மட்டும். அது காட்டும் இடத்தில் தாராளமாக எழுதலாம். சி++-ல் கான்ஸ்ட்டை (மாற்றக் கூடாது என்று சொல்லும் சொல்லை) எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஃபோர்ட்ரான் மட்டுமே எழுதியவர்கள்தான், இன் என்று இருக்கிறதே, மதிப்பு மாறாது என்று நம்பிவிடுகிறார்கள். 2008-ல் ஒரு வசதி சேர்ந்தது: டம்மி பாயின்டராகவும் இன்டென்ட்(இன்) ஆகவும் இருந்தால், பாயின்டர் அல்லாத மாறியையே அனுப்பலாம், கம்பைலர் தானே அதன் பக்கம் திருப்பிக்கொள்ளும். அனுப்பும் மாறிக்கு டார்கெட் இருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பைல் ஆகாது. சேமித்துவைக்கப் போகும் சப்ரூட்டின்களுக்கு இந்த வடிவம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிணையின் டம்மி இப்படி எழுதப்பட்டிருந்தால், தொடக்கத்தில் நான் டார்கெட்டை விட்ட அன்றே கம்பைலர் என்னை நிறுத்தியிருக்கும். ஆறு நாள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து ஆயுள். காட்டப்படும் மாறி போய்விட்டால் பாயின்டர் வெற்றிடத்தைக் காட்டும். இது எல்லா மொழிக்கும் பொது. ஃபோர்ட்ரானில் அது நடக்கும் விதங்களில் ஒன்று என்னிடம் இரண்டு முறை வந்திருக்கிறது. அலோகேட்டபிள் (ஓடும்போது அளவு சொல்லி இடம் ஒதுக்கும்) அரே ஒன்றுக்கு டார்கெட் கொடுத்து, அதன் உறுப்புகளைப் பாயின்டர்கள் காட்டிக்கொண்டிருக்கும். கணக்கின் நடுவில் அரே போதாமல் பெரிதாக்குவோம்: புதிதாக இரண்டு மடங்கில் ஒன்றை அலோகேட் செய்து, பழையதை நகலெடுத்து, மூவ்_அலாக் மூலம் பெயரை மாற்றுவோம். பெயர் அதேதான், ஆனால் இடம் வேறு. பழைய உறுப்புகளைக் காட்டிய பாயின்டர்கள் அத்தனையும் செல்லாதவை. 2003 முதல் 'அ = [அ, புதியது]' என்று ஒரே வரியில் அரேயை நீட்ட முடிகிறது; பார்க்கச் சாதாரண வரி, ஆனால் அதே விளைவு. மூவ்_அலாக் தன்னளவில் பாயின்டர்களை மதிக்கும். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் டார்கெட் இருந்தால், கொடுத்ததைக் காட்டிய பாயின்டர்கள் வாங்கியதைக் காட்டும். இங்கே கெடுப்பது அதற்கு முன்னால் நடக்கும் நகல்தான்.

எங்கள் வலைப்பின்னலில் ஒவ்வொரு முனையும் தன் அண்டை முனைகளைப் பாயின்டரால் வைத்திருந்தது. இந்தச் சிக்கலுக்குப் பிறகு அத்தனையையும் முழு எண்களாக மாற்றினேன். அண்டை முனையின் வரிசை எண் போதும். அரே எங்கே இடம் மாறினாலும் 57-வது முனை 57-வது முனைதான். வளரக்கூடிய அரேக்குள் பாயின்டரை நீட்டவே கூடாது என்பது அன்றிலிருந்து என் உறுதியான கருத்து.

அலோகேட்டபிளைக் காட்டும் பாயின்டரை டீஅலோகேட் செய்வதும் (அதன் வழியாக இடத்தை விடுவிப்பதும்) தவறு. டீஅலோகேட் செய்யலாம் என்றால் அந்த இடம் ஒரு பாயின்டர் மூலமாகவே அலோகேட் ஆகியிருக்க வேண்டும், அதன் முழுமையையும் இந்தப் பாயின்டர் காட்ட வேண்டும். பாதித் துண்டைக் காட்டுவதை வைத்து முழுவதையும் விடுவிக்க முடியாது. நல்லிஃபை (பாயின்டரை எதையும் காட்டாததாக்கும் கட்டளை) விடுவிப்பதில்லை, கையை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேறு யாரும் காட்டாத இடமாக இருந்தால் அந்த மெமரி புரோகிராம் முடியும்வரை வீணாகக் கிடக்கும்.

அப்புறம் நல், அதாவது எதையும் காட்டாத நிலை. அறிவித்தவுடன் ஒரு பாயின்டர் எதையும் காட்டாமல் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. மூன்று நிலைகள் உண்டு: காட்டுகிறது, எதையும் காட்டவில்லை, வரையறையற்றது. பிறக்கும்போது மூன்றாவது. அந்த நிலையில் அசோசியேட்டட் (எதையாவது காட்டுகிறதா) என்று கேட்பதே விதிமீறல். ஆம் என்று பதில் வந்தாலும் நம்புவதற்கில்லை. ஃபோர்ட்ரான் 95 இதற்காக '=> நல்()' என்று அறிவிப்பிலேயே எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. நல்ல வசதிதான், ஆனால் ஒரு சப்ரூட்டினின் உள்ளூர் பாயின்டருக்கு அப்படி எழுதினால் அது தானாகச் சேவ் பண்பைப் பெறுகிறது. முதல் அழைப்பில் மட்டும் நல். இரண்டாவது அழைப்பில், போன முறை எங்கே விட்டதோ அங்கேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் நல்லில் தொடங்குகிறோம் என்று நம்பி எழுதியிருந்தால் இரண்டாவது முறைதான் உடையும். ஓப்பன்எம்பி திரெட்கள் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் இழைகள்) இருந்தால் எல்லாத் திரெட்டும் அதே ஒன்றைப் பகிரும். உள்ளூர் பாயின்டருக்கு அறிவிப்பில் எதுவும் எழுதாமல், முதல் செயல் வரியாக நல்லிஃபை எழுதுங்கள். டிரைவ்டு டைப்பின் உறுப்புக்கு '=> நல்()' எழுதுவதில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே கட்டாயம் எழுதுங்கள்.

டிரைவ்டு டைப் என்றதும் நினைவு வருகிறது. உறுப்புக்கு டார்கெட் என்று தனியாக எழுத முடியாது. மாறிக்கு டார்கெட் கொடுத்தால் அதன் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். பாயின்டர் உறுப்புள்ள மாறியை 'ஆ = அ' என்று நகலெடுத்தால் பாயின்டர் மட்டும்தான் நகலாகும், இரண்டும் ஒரே இடத்தைக் காட்டும். உறுப்பு அலோகேட்டபிளாக இருந்தால் உள்ளே இருக்கும் தரவே நகலாகும். ஃபோர்ட்ரான் 90, 95 ஸ்டாண்டர்டுகளில் உறுப்பை அலோகேட்டபிளாக வைக்கவே முடியாது. 1998-ல் வந்த ஒரு தொழில்நுட்ப அறிக்கை அதற்கு வழிசெய்து, 2003-ல் மொழியின் பகுதியானது. அதனால்தான் 90-களில் எழுதிய கோடில் தேவையற்ற இடங்களில்கூடப் பாயின்டர் இருக்கிறது. எழுதியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று நமக்கு இருக்கிறது. அளவு மாறும் தரவு மட்டும் வேண்டுமென்றால் அலோகேட்டபிள்தான். அது தானாக விடுவிக்கப்படும், கம்பைலருக்குக் கொடுத்த வாக்கும் உடையாது.

நான் பாயின்டரை விட்டுவைத்திருக்கும் இடங்கள் சில உண்டு. பழைய வெப்பநிலை, புதிய வெப்பநிலை என்று இரண்டு பெரிய அரேக்கள். ஒவ்வொரு படியின் முடிவிலும் நகலெடுக்காமல் இரண்டு பாயின்டர்களை இடம் மாற்றினால் போதும். சி-யில் எழுதிய லைப்ரரிக்குத் தரவைக் கொடுக்கும்போது, அட்ரஸை எடுத்துத் தரும் சி_லாக் கேட்பதால் டார்கெட் தேவைப்படுகிறது. எம்பிஐ-யில் (இணையாக ஓடும் புரோகிராம்கள் தரவைப் பரிமாறும் முறை) காத்திருக்காமல் அனுப்பும் அழைப்புகளுக்கு டார்கெட் போட்டுச் சமாளித்த கோடும் பார்த்திருக்கிறேன். அங்கே சரியான சொல் அசிங்க்ரனஸ், அதையே எழுதுங்கள்.

தம்பியின் மூன்று டார்கெட்டுகளுக்கு வருகிறேன். ஒன்று, எப்போதோ ஒரு பாயின்டர் காட்டிய அரே. அந்தப் பாயின்டரே இப்போது இல்லை, கோடு முழுக்கத் தேடிவிட்டேன். அவன் எடுத்தது சரி. மற்ற இரண்டும் டிரைவரிலும் தொடக்கத்திலும் இருந்த அதே இரண்டு. நான்கு வருடம் முன்பு நான் திரும்பப் போட்டபோது பக்கத்தில் ஒரு வரி குறிப்புக்கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் அவன் தொட்டிருக்க மாட்டான்.

இதையெல்லாம் நேற்று அவனிடம் வாயால் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ திருத்துக்கே படியை நேரா அனுப்பிட்டா பாயின்டரே வேண்டாமே, அக்கா?" என்றான். படியை இன்டென்ட்(இன்அவுட்) ஆகத் திருத்துக்கு அனுப்பினால் போதும், பிணை என்ற சப்ரூட்டினே தேவையில்லை. நான்கு வருடமாக நான் சங்கிலியைக் காத்துக்கொண்டிருந்தேன், அதைக் கழற்றலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று காலை புதிய பேட்ச் வந்தது. பிணை போய்விட்டது, இரண்டு டார்கெட்டுகளும் போய்விட்டன. டெஸ்ட்கள் இனி இரண்டு பில்டிலும் ஓடும்படி மாற்றியிருக்கிறான். 10 வினாடிக் கணக்கை நானும் ஓட்டிப் பார்த்தேன். டீபக்கில் 287, ஆப்டிமைஸ் செய்ததிலும் 287. சேர்த்துவிட்டேன்.